ஏற்காட்டின் உயரமும் கெர்னலின் வேகமும்: மெய்நிகர் நினைவகத் திறனளவீடு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இயங்குதளக் கெர்னல் ஒன்றின் மெய்நிகர் நினைவகம் எவ்வளவு விரைவாகச் செயற்படுகிறது என்பதை ஒற்றை எண்ணால் ஒப்பிட்டுக் கூறும் வழக்கம் கணினியியலில் நிலைபெற்றுள்ளது. அவ்வெண் எந்த அடிமட்டத்திலிருந்து அளக்கப்பட்டது என்பது பெரும்பாலும் சொல்லப்படாமலே போகிறது. இந்திய ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ‘ஹாக்ஐ’ என்னும் ஆய்வை மையமாகக் கொண்டு, அளக்கவேண்டியதை விடுத்து அதன் நிழலை அளக்கும் போக்கை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வாய்வின் வலிமையும், தான் மறுத்த அளவையே வேறொரு வாயிலால் அது ஏற்றுக்கொள்ளும் இடமும் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் நினைவகம், ஒப்பளவீடு, பக்கத் தவறு, பெரும்பக்கம், கெர்னல், ஏற்காடு

1. முன்னுரை

சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டின் உயரம் 1,515 மீட்டர் எனப் பயண நூல்கள் குறிக்கின்றன. சேர்வராயன் கோயில் அமைந்த உச்சிக்கு 1,623 மீட்டர் என்னும் எண் வழங்குகிறது. ஏரிக்கரையில் நிற்பவரும் கோயில் வாசலில் நிற்பவரும் தாம் ஏற்காட்டில் நிற்பதாகவே சொல்வர். எண்கள் மட்டும் வேறுபடும். இவ்விரண்டும் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்பட்டவை. சேலத்திலிருந்து ஏறுபவர் தொடங்கும் இடமே ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அவருடைய வண்டி உண்மையில் ஏறுவது 1,235 மீட்டர் அளவே. மூன்று எண்களும் சரியானவை. எங்கிருந்து எதுவரை என்று சொல்லாதவிடத்து மூன்றும் பயனற்றவை.

கணினியியலார் ‘பெஞ்ச்மார்க்’ என வழங்கும் சொல் இந்த நிலஅளவைத் தொழிலிலிருந்தே வந்தது என்பது நினைக்கத்தக்கது. அளவையர் பாறையிலோ கட்டடச் சுவரிலோ கிடைமட்டமாக ஒரு கோடு செதுக்கி, அதில் இரும்புக் கோணம் ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் அளவுகோலை நிறுத்தினர். அளவுகோலுக்கு அது இருக்கையாக அமைந்தமையால் அப்பெயர் ஏற்பட்டது. தமிழில் இதனை ‘மட்டக்குறி’ எனலாம். ‘மட்டம் பார்த்தல்’ என்பது கொத்தனாரின் நாவிலும் உள்ள வழக்கு. கணினித் தமிழில் இச்சொல்லுக்கு வழங்கும் ‘தர மதிப்பீடு’, ‘திறன் மதிப்பீடு’ ஆகிய ஆக்கங்கள் மட்டம் என்னும் கருத்தை முற்றிலும் கைவிட்டுவிட்டன. மதிப்பெண் இருக்கிறது, அது எதிலிருந்து எண்ணப்பட்டது என்பது இல்லை. இக்கட்டுரையில் அளக்கும் செயலுக்கு ‘ஒப்பளவீடு’ என்னும் சொல்லும், அளவு தொடங்கும் இடத்துக்கு ‘மட்டக்குறி’ என்னும் சொல்லும் ஆளப்படுகின்றன.

2. மேசையும் கிடங்கும்

மெய்நிகர் நினைவகத்தை விளக்க ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து அலுவலகம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். கணக்கர் மேசையில் மூன்று பேரேடுகளுக்கே இடமுண்டு. எஞ்சியவை சேலத்துக் கிடங்கில் உள்ளன. கேட்கும் பேரேடு மேசையில் இல்லையெனில், ஆள் ஒருவர் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சென்று அதனை எடுத்துவர வேண்டும். அதற்கு இடம்விட மேசையிலுள்ள ஒன்று கீழே போக வேண்டும். மேசை கணினியின் நினைவகம், கிடங்கு வட்டு, பேரேடு பக்கம், ஆள் அனுப்புவது பக்கத் தவறு. எந்தப் பேரேட்டைக் கீழே அனுப்புவது என்று தீர்மானிப்பவர் கணக்கர், அவரே கெர்னல். எல்லாப் பேரேடுகளும் மேசையிலேயே இருப்பதாகத் தோட்டக்காரரை நம்பவைப்பது அவருடைய கடமை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினி 1962-இல் இந்தத் தோற்றத்தை முதன்முதலில் உண்டாக்கிக் காட்டியது.

இவ்வுவமை ஒரு வகையில் கணினிக்குச் சலுகை காட்டுகிறது. நினைவகத்தை ஒருமுறை அணுக ஏறத்தாழ 100 நானோ விநாடி ஆகிறது; சுழலும் வன்தட்டை அணுக ஏறத்தாழ 10 மில்லி விநாடி. இரண்டுக்கும் இடையிலான விகிதம் ஒரு இலட்சம். மேசையிலுள்ள பேரேட்டை எடுக்க ஒரு விநாடி என்றால், கிடங்கிலிருந்து கொண்டுவர இருபத்தேழு மணி நேரத்துக்கு மேலாகும். சேலம் சென்று திரும்ப அவ்வளவு நேரம் எந்த மழைக்காலத்திலும் ஆகாது. இந்த விகிதத்தின் விளைவை எளிய கணக்கே காட்டும்: ஒரு இலட்சம் அணுகல்களுக்கு ஒரே ஒரு பக்கத் தவறு நேர்ந்தாலும், சராசரி அணுகல் நேரம் 100 நானோ விநாடியிலிருந்து 200-ஆக இரட்டிக்கிறது. எனவே தவறின் எண்ணிக்கையில் ஏற்படும் மிகச் சிறிய வேறுபாடும் ஒப்பளவீட்டின் முடிவைத் தலைகீழாக்க வல்லது.

மேசையைப் பெரிதாக்கினால் தவறுகள் குறையும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. அதுவும் எப்போதும் மெய்யாவதில்லை. மேசைக்கு முதலில் வந்ததே முதலில் கீழே போகும் என்னும் விதியை வைத்து, 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்னும் வரிசையில் பேரேடுகள் கேட்கப்படுவதாகக் கொள்வோம். மூன்று பேரேடுகளுக்கு இடமிருந்தால் ஆள் 9 முறை கீழே போகிறார். நான்குக்கு இடமிருந்தால் 10 முறை போகிறார். பெலடியும் உடனாய்வாளர்களும் 1969-இல் விளக்கிய இம்முரண் இன்றும் பாடநூல்களில் பயிற்சிக் கணக்காக இடம்பெறுகிறது. பாடநூல்கள் இதனை ஒரு வேடிக்கையாகவே கடந்துசெல்கின்றன. ஒப்பளவீட்டுக்கு இது தரும் எச்சரிக்கை கடுமையானது: ஒரே நினைவக அளவில் மட்டும் சோதித்துப் பெற்ற முடிவை மற்றோர் அளவுக்கு நீட்டிச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

3. தவறின் விலையும் தவறின் எண்ணிக்கையும்

மெக்வாய், ஸ்டேலின் ஆகியோர் 1996-இல் வெளியிட்ட ‘எல்எம்பெஞ்ச்’ என்னும் தொகுதி இத்துறையில் நீண்டகாலம் ஆளப்பட்டு வருகிறது. கோப்பு ஒன்றை நினைவகத்தோடு பிணைத்து, அதன் பக்கங்களைத் தொட்டு, ஒரு பக்கத் தவறைக் கையாளக் கெர்னலுக்கு ஆகும் நேரத்தை அது மைக்ரோ விநாடியில் தருகிறது. இது தவறு ஒன்றின் விலை. எத்தனை தவறுகள் நேரும் என்பதைத் தீர்மானிக்கும் கொள்கையைப் பற்றி இவ்வெண் எதுவும் கூறுவதில்லை. தோட்டத்து ஆள் எவ்வளவு விரைவாக மலையிறங்குகிறார் என்பதை அளந்துவிட்டு, கணக்கர் திறமையானவர் என்று சான்று வழங்குவதற்கு இது நிகராகும். கருவியை ஆக்கியவர்கள் அதனைச் சிறு கூறுகளின் அளவையாகவே முன்வைத்தனர். குறை, அதன் எண்களை முழுக் கெர்னலின் தரமாக எடுத்தாள்வோரிடத்தே உள்ளது.

இதன் மறுமுனையை லினக்ஸ் 2.4 வரிசையின் வரலாறு காட்டுகிறது. 2001 ஜனவரியில் வெளிவந்த அந்நிலைவரிசையின் மெய்நிகர் நினைவகப் பகுதி ரிக் வான் ரீல் வடிவமைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில், 2.4.10 பதிப்பில், லினஸ் டோர்வால்ட்ஸ் அதனை நீக்கி ஆந்திரியா ஆர்க்காஞ்செலியின் வடிவமைப்பை ஏற்றார். உறுதியானது என அறிவிக்கப்பட்ட வரிசையின் நடுவே அதன் அடித்தளத்தையே மாற்றிய செயல் இது. ஆலன் காக்ஸ் தம் கிளையில் பழைய வடிவமைப்பைச் சிலகாலம் தொடர்ந்து வைத்திருந்தார். இரு தரப்பாரும் நேர்மையாளர்களே. இரு வடிவமைப்புகளும் சில சுமைகளில் நன்றாகவும் சிலவற்றில் மோசமாகவும் இயங்கின. இரண்டையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி அளக்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட சுமைத்தொகுதி அன்று இல்லாதிருந்ததே குறை. தீர்ப்பு அனுபவத்தின் பாற்பட்டதாக அமைந்தது. வான் ரீலின் கருத்துகளுள் ஒன்றாகிய மறுதிசைப் பிணைப்பு, அதாவது ஒரு பக்கத்திலிருந்து அதனைப் பயன்படுத்தும் செயல்முறைகளைத் தேடிச்செல்லும் ஏற்பாடு, பின்னர் 2.5 வரிசையில் ஏற்கப்பட்டது என்பது இவ்வரலாற்றின் பின்குறிப்பு.

4. ஹாக்ஐ: நிழலை விட்டு உருவை அளத்தல்

நினைவகம் பெருகிய காலத்தில் சிக்கல் வேறு இடத்துக்கு நகர்ந்தது. இன்றைய சேவையகங்களில் வட்டுக்குப் போவது அரிது. ஆனால் மெய்நிகர் முகவரியைப் பருப்பொருள் முகவரியாக மொழிபெயர்ப்பதே பெருஞ்செலவாகிறது. அண்மைய மொழிபெயர்ப்புகளைச் செயலி ‘டிஎல்பி’ என்னும் சிறு பட்டியலில் வைத்துக்கொள்கிறது. பக்கத்தின் அளவு 4 கிலோபைட்டாக இருக்கும்போது அப்பட்டியல் விரைவில் நிரம்பிவிடும். 2 மெகாபைட் அளவுள்ள பெரும்பக்கம் ஒன்று 512 சிறுபக்கங்களின் இடத்தை ஒரே பதிவில் அடக்கும். இதற்கும் விலையுண்டு. பெரும்பக்கத்தை வழங்குமுன் அதனை முழுவதும் சுழியாக்க வேண்டும்; அதன் ஒரு மூலை மட்டுமே பயன்பட்டால் எஞ்சிய இடம் வீண். எந்தச் செயல்முறைக்கு, எந்தப் பகுதிக்கு, எப்போது பெரும்பக்கம் வழங்குவது என்பதே கெர்னலின் முன்னுள்ள வினா.

அசிஷ் பன்வார், சோரவ் பன்சல், கே. கோபிநாத் ஆகியோர் 2019-ஆம் ஆண்டு ஆஸ்பிளாஸ் மாநாட்டில் முன்வைத்த ‘ஹாக்ஐ’ இவ்வினாவை எடுத்துக்கொண்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இணைந்த முயற்சி இது. லினக்ஸ் கெர்னலிலேயே செயற்படுத்தி, வழக்கமான லினக்சோடும் 2016-இல் வெளியான ‘இன்ஜென்ஸ்’ என்னும் வடிவமைப்போடும் இது ஒப்பிடப்பட்டது.

இவ்வாய்வின் முதன்மையான பங்களிப்பு அளவைமுறை பற்றியது. ஒரு செயல்முறைக்குப் பெரும்பக்கம் எவ்வளவு தேவை என்பதை அது தொடும் நினைவகத்தின் பரப்பைக் கொண்டு ஊகிப்பது அதுவரை நிலவிய வழக்கம். பரப்பு பெரிதானால் மொழிபெயர்ப்புச் செலவும் பெரிது என்பது அதன் அடிப்படை. இவ்வனுமானம் பொய்ப்பதை ஹாக்ஐ காட்டுகிறது. மிகப் பெரிய பரப்பை வரிசையாகக் கடந்துசெல்லும் நிரலுக்கு மொழிபெயர்ப்புச் செலவு மிகக் குறைவு. அடுத்து வரப்போவதை வன்பொருள் முன்கூட்டியே ஆயத்தம் செய்துவிடுகிறது. அதைவிடச் சிறிய பரப்பில் அங்குமிங்கும் தாவும் நிரலோ தன் நேரத்தின் பெரும்பங்கை மொழிபெயர்ப்பிலேயே இழக்கிறது. பன்னிரண்டு பேரேடுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டுபவருக்கு உதவியாளர் அடுத்ததை எடுத்து வைத்துவிடலாம். ஐந்து பேரேடுகளுக்குள் மாறிமாறிப் பாய்பவருக்கு எந்த உதவியாளராலும் ஈடுகொடுக்க இயலாது. ஆகவே பரப்பை அளப்பதை விடுத்து, மொழிபெயர்ப்பில் இழக்கும் நேரத்தையே செயலியின் எண்ணிகளைக் கொண்டு நேராக அளக்க வேண்டும் என்பது அவர்தம் வாதம்.

நேர்மை பற்றிய அவர்களுடைய கருத்தும் இதனோடு இயைந்தது. பல செயல்முறைகளுக்கிடையே பெரும்பக்கங்களைச் சமமாகப் பங்கிடுவது நேர்மையாகத் தோன்றும். இழப்பு சமமில்லாதபோது சமப்பங்கீடு எவருக்கும் நேர்மை செய்யாது. லினக்சின் இயல்பான முறையில் முகவரி வரிசையில் கீழிருந்து மேலாகப் பக்கங்கள் உயர்த்தப்படுகின்றன. மிகுதியாகப் பயன்படும் பகுதி உயர்முகவரியில் அமைந்துவிட்டால், அதன் முறை வருமுன் பிறவற்றுக்கே பெரும்பக்கங்கள் போய்விடும். அளவீட்டைத் தொடங்குமுன் நினைவகத்தை வேண்டுமென்றே சிதறலான நிலைக்குக் கொண்டுவந்து சோதித்தமையும் பாராட்டத்தக்கது. புதிதாகத் தொடக்கப்பட்ட கணினியில் எந்தக் கொள்கையும் நன்றாகவே தோன்றும். தொடக்க நிலையை அறிவிப்பதே மட்டக்குறியைச் செதுக்கும் செயல்.

ரெடிஸ் தரவுத்தளத்தில் அவர்கள் செய்த சோதனை இன்னும் தெளிவானது. திறவுகளை நிரப்பி, அவற்றுள் பெரும்பாலானவற்றை அழித்து, மீண்டும் நிரப்பும்போது, லினக்சிலும் இன்ஜென்சிலும் வீணான பெரும்பக்க இடம் மீளாமல் நினைவகம் தீர்ந்துபோகிறது. ஹாக்ஐ சுழியாகவே கிடக்கும் பக்கங்களைக் கண்டறிந்து மீட்டுக்கொள்கிறது. முதல் நிரப்புதலோடு சோதனை நின்றிருந்தால் இவ்வேறுபாடு வெளிப்பட்டே இராது. வேகத்தை மட்டும் அளந்த ஒப்பளவீடுகள் இவ்வாறு எத்தனை சரிவுகளைக் காணாமல் கடந்திருக்கும் என்பது எண்ணத்தக்கது.

இனி, குறைக்கு வருவோம். ஹாக்ஐ இரு வடிவங்களில் அமைகிறது. ஒன்று வன்பொருள் எண்ணிகளைப் பயன்படுத்தி இழப்பை நேராக அளப்பது. மற்றொன்று, எண்ணிகள் கிடைக்காத சூழலுக்கானது. அது அணுகப்படும் பக்கங்களின் செறிவைக் கொண்டு இழப்பை மதிப்பிடுகிறது. இரண்டாவது வடிவத்துக்கான தேவை மெய்யானது. மேகக்கணியில் வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர்ப் பொறிகளில் எண்ணிகள் பலவேளை பயனருக்குத் திறந்துவிடப்படுவதில்லை. ஆயினும் அவ்வடிவம், நுண்மையாக்கப்பட்ட உருவிலேனும், தொடும் இடத்தைக் கொண்டு இழப்பை ஊகிக்கும் பழைய வழிக்கே திரும்புகிறது. வரிசையாகச் செல்லும் நிரலையும் தாவும் நிரலையும் பிரித்தறிய இயலாமை அங்கு மீண்டும் தலைகாட்டுகிறது. முன்வாயிலில் மறுக்கப்பட்ட விருந்தாளி பின்வாயில் வழியே உள்ளே வந்து அமர்ந்துவிடுகிறார். இரு வடிவங்களுக்கும் இடையிலான இடைவெளியே அவ்வாய்வின் மிக மதிப்புள்ள தரவு எனலாம். அது நிழலுக்கும் உருவுக்கும் உள்ள தொலைவின் நேரடி அளவு. கட்டுரை அதனைத் துணைச்செய்தியாக வைத்திருப்பது வருத்தத்துக்குரியது.

5. எண்ணின் அருகே எழுதப்படாதவை

மிட்கோவிச்சும் உடனாய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வொன்று ஒப்பளவீட்டாளர் அனைவரையும் சங்கடப்படுத்தியிருக்க வேண்டியது. சூழல் மாறிகளின் மொத்த நீளம் மாறினாலே நிரலின் அடுக்கு நினைவகத்தில் வேறிடத்தில் தொடங்கும். அதனால் மட்டுமே அளவீட்டு முடிவு மாறக்கூடும் என அவர்கள் காட்டினர். பயனர் பெயர் நீளமாக இருப்பவரும் குறுகியதாக இருப்பவரும் ஒரே கணினியில் வெவ்வேறு முடிவு பெறலாம். அவர்கள் பார்வையிட்ட 133 கட்டுரைகளுள் ஒன்றுகூட இத்தகைய சார்பை உரிய அளவில் கருத்திற்கொள்ளவில்லை. நினைவகம் பற்றிய எந்த ஒப்பளவீட்டிலும் ஐந்து விழுக்காடு, மூன்று விழுக்காடு என அறிவிக்கப்படும் சிறு முன்னேற்றங்களை இதன் பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும்.

2022 டிசம்பரில் லினக்ஸ் 6.1-இல் இணைந்த பல்தலைமுறை மாற்றீட்டு முறைக்குக் கூகுள் தந்த எண்கள் இவ்வகையில் ஓரளவு மேலானவை. குரோம் ஓஎஸ், ஆண்ட்ராய்டு கருவிகளில் பக்கங்களை மீட்கும் பின்னணிச் செயல்முறையின் செயலி நேரம் 40% குறைந்தது. நினைவகப் பற்றாக்குறையால் செயலிகள் மூடப்படுவது 75-ஆம் நூற்றுமானத்தில் 85% குறைந்தது. செயலி திறக்கும் நேரம் 50-ஆம் நூற்றுமானத்தில் 18% குறைந்தது. முதல் எண் கெர்னலின் சொந்தக் கணக்கு. பயனருக்கு அதனால் நேரடியாக ஒன்றும் தெரியாது. பின்னிரண்டும் கைப்பேசியை வைத்திருப்பவர் உணர்வது. நூற்றுமானத்தைக் குறிப்பிட்டிருப்பதும் நேர்மையானது. சராசரியின் பின்னே மறையவில்லை. எனினும் அவை அந்நிறுவனத்தாருக்கு மட்டுமே கிட்டும் கருவித்திரளில் எடுக்கப்பட்டவை என்பதால் வெளியார் மீண்டும் அளந்து பார்க்க வழியில்லை.

6. சிறிய மேசைகள்

மேலே கூறிய ஹாக்ஐ போன்ற ஆய்வுகளின் மட்டக்குறி பெரும் சேவையகத்தில் செதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்க்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. அவை சுழலும் வன்தட்டும் சிறு நினைவகமும் கொண்டவை. அங்கு மொழிபெயர்ப்புச் செலவு சிக்கலன்று. டென்னிங் 1968-இல் விளக்கிய தத்தளிப்பே சிக்கல். கேட்கப்படும் பக்கங்களின் தொகை நினைவகத்தைவிடச் சற்றே மிகும்போது கணினி மெதுவாவதில்லை, ஏறத்தாழ நின்றேவிடுகிறது. ஏற்காட்டில் மே மாதக் கோடை விழாவின்போது மலைச்சாலையைக் கண்டவருக்கு இது புதிதன்று: வண்டிகள் அனைத்தும் வழியிலேயே நிற்க, மேலேயும் கீழேயும் எவருடைய வேலையும் நடப்பதில்லை. உலாவியில் நான்காவது தாவலைத் திறந்த மாணவருக்கு 4 கிலோபைட்டா 2 மெகாபைட்டா என்னும் விவாதத்தால் பயனொன்றுமில்லை.

இத்தகைய கணினிகளுக்குப் பொருந்தும் அளவை கெர்னலிலேயே உள்ளது. 2018 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 4.20 முதல், நினைவகத்துக்காகக் காத்திருந்து செயல்முறைகள் இழந்த நேரத்தின் விழுக்காட்டைக் கெர்னலே கணக்கிட்டுத் தருகிறது. ஹாக்ஐ வற்புறுத்திய நேரடி அளவை என்னும் கொள்கை சிறு கணினிக்கும் எட்டும் வடிவம் இது. சிறப்பு எண்ணிகள் எதுவும் தேவையில்லை.

தமிழாய்வாளரை நேரே தொடும் செய்தி ஒன்றும் உண்டு. இங்கு எடுத்துக்கொண்ட ஆய்வுகள் எவையும் தமிழ் உரையைச் சுமையாகக் கொண்டு அளக்கவில்லை. யூனிகோடின் யுடிஎஃப்-8 குறிமுறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட்டில் அடங்கும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும். ‘ஏற்காடு’ என்னும் பெயர் தமிழில் ஏழு குறியீடுகளாகி 21 பைட்டு இடம் பெறுகிறது. ஆங்கில எழுத்தில் அதே பெயர் ஏழு பைட்டில் முடிகிறது. சங்க இலக்கியச் சொல்லடைவையோ கல்வெட்டுத் தொகுப்பையோ நினைவகத்தில் ஏற்றித் தேடுபவரின் கணினி, ஆங்கிலச் சொற்பட்டியலால் சோதிக்கப்பட்ட எல்லைக்கு வெகுமுன்னரே தத்தளிப்பை எட்டக்கூடும். எவ்வளவு முன்னர் என்பது தரவுக் கட்டமைப்பையும் பொறுத்தது; மும்மடங்கு என்று கணக்கிட்டுச் சொல்லிவிட முடியாது, அளந்தே அறிய வேண்டும். ஹாக்ஐயின் ரெடிஸ் சோதனையைத் தமிழ்த் திறவுகளைக் கொண்டு 4 கிகாபைட் நினைவகமுள்ள மடிக்கணினி ஒன்றில் மீண்டும் செய்துபார்க்கலாம். நிரப்பி, அழித்து, மீண்டும் நிரப்பும் ஒவ்வொரு கட்டத்திலும் பக்கத் தவறுகளின் எண்ணிக்கையையும் காத்திருப்பு விழுக்காட்டையும் குறித்துக்கொள்வதோடு, நினைவகத்தின் அளவு, தொடக்கத்தில் அதன் சிதறல் நிலை, வட்டின் வகை, கெர்னல் பதிப்பு ஆகிய நான்கையும் முடிவெண்ணின் அருகிலேயே அச்சிட வேண்டியிருக்கும்.